புல்லு வெட்டும் மெஷினுக்கு காபரேற்றரா, ஈஎஃப்ஐயா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் புல்லு வெட்டும் மெஷின் வருசம் முழுக்க ஓடுவதில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் மாசி வரை ஓயாத வேலை. அதன்பிறகு கோடை முழுவதும் கொட்டிலில் கிடக்கும். எந்த எஞ்சின் நமக்குத் தோது என்பதை எஞ்சினின் பலத்தை விட இந்த நீண்ட ஓய்வுதான் தீர்மானிக்கிறது. கீழுள்ள பதில்கள் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டவை.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

பெற்றோல் முழுதாக எரிய ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவையை யார் அளந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

காபரேற்றரில் மின்சாரம் இல்லை, கணினி இல்லை. காற்று ஒடுங்கிய குழாய் வழியே வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அந்த இழுவையில் கீழே உள்ள புளோற் (மிதவை) கிண்ணத்திலிருந்து பெற்றோல், ஜெற் என்ற சிறு துளையுள்ள திருகாணி வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஜெற்றின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெற்றோல். வெட்டும் மெஷின்களில் இந்தக் கலவை கொஞ்சம் பெற்றோல் கூடுதலாகவே வைக்கப்பட்டிருக்கும்.

ஈஎஃப்ஐ, அதாவது மின்னணு முறையில் பெற்றோலைப் பீச்சும் எஞ்சினில், ஒரு மின் பம்ப் பெற்றோலை அமுக்கத்தில் வைத்திருக்கும். சில வகைகளில் அது 39 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். எஞ்சின் சுற்றும் வேகம், சூடு, காற்றின் அமுக்கம், காற்றுவழியைத் திறந்து மூடும் துரொட்டில் திறந்திருக்கும் அளவு ஆகியவற்றைச் சென்சர்கள் சொல்ல, கணினி இன்ஜெக்ரரை எத்தனை மில்லிசெக்கன் திறப்பது என்று கணிக்கிறது. புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சர் உள்ள வகைகள் எரிந்த புகையையும் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும்.

வீட்டு வளவுக்கு எதை வாங்குவது?

காபரேற்றர். இரண்டு மூன்று பரப்பு வளவு, கையால் தள்ளும் மெஷின், வருசத்தில் இருபது முப்பது மணித்தியால வேலை என்றால் இதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

ஈஎஃப்ஐயின் பெரிய பெருமைகள் இரண்டு. குளிரில் சொக் (காற்றைக் குறைக்கும் மூடி) இழுக்காமல் ஸ்ராட் ஆகும், உயரமான மலைப்பகுதியில் கலவையைத் தானே திருத்தும். குடாநாட்டில் குளிர் இல்லை, மலையும் இல்லை. மார்கழி விடியலில்கூட எஞ்சினுக்குக் குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இங்கே வருவதில்லை. நிலமோ கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆக, கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும் பங்கு நமக்குப் பயன்படாத வசதிக்குப் போகிறது.

அதோடு, காபரேற்றர் அடைத்தால் ஒரு 10 மி.மீ. ஸ்பானரும் ஒரு ஸ்குறூ டிரைவரும் போதும். சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துபவரே அரை மணித்தியாலத்தில் முடித்துத் தருவார். ஈஎஃப்ஐயின் சென்சர் போனால் அதே சாமான் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டியிருக்கலாம். மழைக்காலத்தில் புல்லு அதுவரை காத்திருக்காது.

பைக்குகள் எல்லாம் எஃப்ஐ ஆகிவிட்டனவே, மெஷின் மட்டும் ஏன் பழைய முறையில்?

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதலாம் திகதி பாரத் ஸ்ரேஜ் 6 புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் அங்கே செய்யும் பைக்குகள் கிட்டத்தட்ட முழுவதுமாக எஃப்ஐக்கு மாறின. சிறிய தோட்ட எஞ்சின்களுக்கு உள்ள விதிகளை நன்றாகச் செய்த காபரேற்றரால் இன்னும் நிறைவேற்ற முடிகிறது.

பைக் நாளாந்தம் ஓடுகிறது. பற்றறி சார்ஜ் ஆகிறது, பெற்றோல் கிழமைக்குக் கிழமை புதிதாகிறது. ஆறேழு மாதம் மூலையில் கிடக்கும் மெஷினுக்கு இந்த இரண்டும் இல்லை. அதனால் பைக்கில் எஃப்ஐ தொந்தரவே தரவில்லை என்ற அனுபவத்தை அப்படியே மெஷினுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பெற்றோல் உண்மையில் மிச்சமாகுமா?

ஆகும். கோலர் நிறுவனம் தன் மூடிய சுற்று (ஒட்சிசன் சென்சரால் தன்னைத் திருத்தும்) ஈஎஃப்ஐ எஞ்சினுக்கு, அதே அளவு காபரேற்றர் எஞ்சினோடு ஒப்பிட்டு 25 சதவீதம் வரை மிச்சம் என்கிறது. அது தயாரிப்பாளர் சொல்லும் உச்சக் கணக்கு. அதையே அப்படியே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தள்ளும் மெஷின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது, வருசத்தில் 25 மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தால், மிச்சம் 6 லீற்றரைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான்.

இருந்து ஓட்டும் பெரிய மெஷின் மணித்தியாலத்துக்கு 5 லீற்றர், வருசத்தில் 300 மணித்தியாலம் என்றால் மொத்தம் 1,500 லீற்றர். கால்வாசி 375 லீற்றர். இதை இன்றைய செட் விலையால் பெருக்கி, இரண்டு மெஷின்களின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று வருசத்துக்குள் வித்தியாசம் திரும்பி வந்தால் ஈஎஃப்ஐயை யோசிக்கலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கோடை முழுக்கக் கிடந்த மெஷின் மழை தொடங்கியதும் ஸ்ராட் ஆகவில்லை. ஏன்?

எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். புளோற் கிண்ணத்தில் நின்ற பெற்றோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சியது பிசின்போல் படிந்துவிட்டது. கிண்ணம் வெளிக்காற்றோடு தொடர்புள்ளது, அதனால் ஒரு மாதத்திலேயே பெற்றோல் கெடத் தொடங்கும். மெயின் ஜெற்றின் துளை ஒரு மில்லிமீற்றரும் இல்லை. மெதுவாக ஓடும்போது பெற்றோல் கொடுக்கும் பைலற் ஜெற் அதைவிடச் சிறியது. மெல்லிய படலம் ஒன்று போதும் அதை அடைக்க.

முதலில் காபரேற்றரைக் கழற்றாமல் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல தடவை கயிறு இழுத்தபின்னும் நுனி காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, கோளாறு தீப்பொறியிலோ அளவுக்கு மீறிய பெற்றோலிலோ இருக்கிறது. காய்ந்த பிளக் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

வேலை வெளியிடத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில். பிளக் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிளேட் தற்செயலாகச் சுற்றக்கூடாது. பெற்றோல் குழாயை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளைச் சோப்புப் பெட்டி மூடியோ தட்டோ வைத்து அடி போல்ற்றைக் கழற்றுங்கள். வெள்ளைத் தட்டு ஏனென்றால், தண்ணீர் இருந்தால் பெற்றோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தெரியும். கலனில் வைத்த பெற்றோலில் தண்ணீர் கலப்பது மாரி காலத்தில் சாதாரணம்.

கிண்ணத்தை எடுத்ததும் நடுவிலுள்ள பித்தளை மெயின் ஜெற்றைக் கழற்றுங்கள். ஸ்குறூ டிரைவரின் வாய் அதன் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பித்தளை மென்மையானது, வழுக்கினால் தலை சிதைந்துவிடும். ஜெற்றின் பின்னால் பக்கவாட்டில் சிறு துளைகள் கொண்ட குழல் ஒன்று தானாக விழும். புளோற்றைப் பிடித்திருக்கும் அச்சுக் கம்பியை இழுத்து, புளோற்றையும் அதில் தொங்கும் ஊசி வால்வையும் எடுங்கள். ஊசி வால்வின் கூர்முனையைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தால் அது மூடாது, மாற்ற வேண்டும்.

பைலற் ஜெற் பலரும் விட்டுவிடும் சாமான். பல காபரேற்றர்களில் அது மேலே, ஐட்லிங் திருகாணிக்குப் பக்கத்தில் சிறு பிளாஸ்ரிக் துண்டாக இருக்கும். அதைக் கழற்றாமல் மற்றதைத் துடைத்தால் மெஷின் ஸ்ராட் ஆகும், ஆனால் நிதானமாக ஓடாது.

காபரேற்றர் கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு கொம்பிரஷர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊதுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அடைப்பு விடாவிட்டால் மீன்பிடி நைலோன் நூலோ, மின் வயரின் ஒற்றைச் செம்பு இழையோ விடலாம். இரும்புக் கம்பியும் ஊசியும் வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும், அதைத் திரும்பச் சிறிதாக்க வழியில்லை.

கிண்ணத்தின் றப்பர் வளையம் கிளீனர் பட்டு ஊதியிருந்தால் பழையதைப் போடாதீர்கள். பூட்டியபின் பெற்றோலைத் திறந்து இரண்டு நிமிடம் பொறுத்து, எங்கும் சொட்டவில்லை என்று பார்த்தபின்தான் பிளக் தொப்பியை மாட்டுங்கள்.

புதுக் காபரேற்றரே மலிவாகக் கிடைக்கிறதே, மாற்றினால் என்ன?

மாற்றலாம். பழையது உள்ளே வெள்ளையாக அரித்திருந்தால் மாற்றுவதுதான் புத்தி. கவனிக்க வேண்டியது, எஞ்சினுக்கும் காபரேற்றருக்கும் நடுவில் உள்ள கறுப்புத் தடுப்புத் தகடும் அதன் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் கஸ்கற்றுகளும். எது முன்னால், எது பின்னால், துளை எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே போனில் படம் எடுங்கள். மாறிப் போட்டால் காற்று கசியும், அல்லது கிண்ணத்தின் மூச்சுத் துளை மூடிப்போகும். புதுக் காபரேற்றர் சரியில்லை என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகப்படும் பலவற்றில் தவறு கஸ்கற்றில்தான்.

எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி ஏறி இறங்குகிறது. என்ன செய்வது?

கலவையில் பெற்றோல் குறைவு என்பதன் அடையாளம் அது. வேகம் விழும்போது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் துரொட்டிலைத் திறக்கிறது, வேகம் கூடியதும் மூடுகிறது, திரும்பத் திரும்ப. சொக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பைலற் ஜெற் அடைத்திருக்கிறது, அல்லது கஸ்கற் வழியே காற்றுப் புகுகிறது. கவர்னர் கம்பியையோ ஸ்பிரிங்கையோ வளைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். எஞ்சின் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றினால் கொனெக்ரிங் றொட் உடையும், பிளேட்டின் வேகமும் ஆபத்தான அளவுக்குப் போகும்.

ஒயில் ஊற்றாமலே ஒயில் மட்டம் கூடியிருக்கிறது, பெற்றோல் மணமும் வருகிறது.

மெஷினை ஓட்டாதீர்கள். ஊசி வால்வு மூடாமல் பெற்றோல் கிண்ணத்தை நிறைத்து, சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. பெற்றோல் கலந்த ஒயில் தண்ணீர்போல் மெலிந்து பெயாரிங்குகளைத் தேய்த்துவிடும். முதலில் ஊசி வால்வை மாற்றுங்கள். பிறகு ஒயில் முழுவதையும் வடித்து, புதிதாக எஸ்ஏஈ 30 அல்லது 10டபிள்யூ-30 ஊற்றுங்கள். தள்ளும் மெஷின்களுக்குப் பெரும்பாலும் அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். டிப்ஸ்ரிக்கைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் பெற்றோல் குழாயை மூடும் பழக்கம் இருந்தால் இந்தக் கோளாறு அரிதாகவே வரும்.

பிளேட்டைப் பார்க்க மெஷினைச் சரிக்கும்போது பிளக்கும் எயார் பில்ரரும் மேல்நோக்கி இருக்க வேண்டும். மறுபக்கம் சரித்தால் ஒயில் பில்ரருக்குள் ஓடும்.

ஈஎஃப்ஐ என்றால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லையா?

பிசின் படியும் தொல்லை மிகக் குறைவு. மூடிய குழாய்க்குள் பெற்றோல் இருப்பதால் காற்றுப் படுவதில்லை. ஆனால் வேறு தொல்லைகள் உண்டு.

பெரும்பாலான ஈஎஃப்ஐ மெஷின்களில் பற்றறி செத்தால் பம்ப் ஓடாது, கணினி விழிக்காது. காபரேற்றர் மெஷினென்றால் கயிறு இழுத்தாவது ஸ்ராட் செய்யலாம். பற்றறியே இல்லாமல் கயிற்றின் இழுப்பிலேயே மின்சாரம் எடுக்கும் ஈஎஃப்ஐ எஞ்சின்களும் உள்ளன. வாங்குபவர் எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீரும் தூசும் ஈஎஃப்ஐக்குக் கூடாத எதிரி. காபரேற்றரில் கிண்ணத்தைக் கழற்றி ஊற்றிவிடலாம். ஈஎஃப்ஐயில் தண்ணீர் பம்பைத் துருப்பிடிக்க வைக்கும், இன்ஜெக்ரர் நுனியைக் கெடுக்கும். போத்தலில் பெற்றோல் வாங்கி வந்து ஊற்றும் பழக்கம் உள்ள வீட்டுக்கு இது பெரிய விசயம். மெல்லிய வலை உள்ள புனலால் மட்டும் ஊற்றுங்கள். தாங்கி வற்றும்வரை ஓட்டாதீர்கள். பம்ப் தன்னைக் குளிர்விக்கவும் வழுக்கலாக வைத்திருக்கவும் பெற்றோலையே நம்பியிருக்கிறது.

ஸ்ராட் ஆகாவிட்டால் சாவியை ஓன் செய்து காதை வைத்துக் கேளுங்கள். பம்ப் சில செக்கன் முனகி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பற்றறி, ஃபியூஸ், ஏர்த் வயர் என்ற வரிசையில் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற் அளவு காட்டும். சத்தம் வந்தும் ஓடாவிட்டால் அமுக்க மீற்றரும் கோளாறு வாசிக்கும் கருவியும் உள்ளவரிடம்தான் போக வேண்டும். அப்படி ஒருவர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதை மெஷின் வாங்க முன்னரே விசாரியுங்கள்.

கோடைக்கு எப்படி நிறுத்தி வைப்பது?

இரண்டுக்கும் முறை நேர் எதிர். பலர் குழம்புவது இங்கேதான்.

காபரேற்றர்: தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பிறகு கிண்ணத்தின் வடி திருகாணியைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். பிளக்கைக் கழற்றி 5 முதல் 10 மில்லிலீற்றர் எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை நாலு தடவை மெதுவாக இழுங்கள். பிளக்கை மாட்டி, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது வால்வுகள் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது.

ஈஎஃப்ஐ: தாங்கியைப் புதுப் பெற்றோலால் நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவு கலந்து, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் பற்றறி தானாக இறங்குவது வேகமாகவே நடக்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்த ஈயப் பற்றறி திரும்ப எழும்பாது.

சித்திரை வெயிலில் நிறுத்திய மெஷின் உடனே திரும்ப ஸ்ராட் ஆகவில்லை.

நிறுத்தியதும் விசிறிக் காற்று நின்று, எஞ்சினின் சூடு காபரேற்றருக்கு ஏறுகிறது. பெற்றோல் ஆவியாகிக் குமிழிகள் விடும். நிழலில் கால் மணித்தியாலம் விட்டு, சொக் இல்லாமல் இழுங்கள். ஈஎஃப்ஐயில் அமுக்கத்தில் இருக்கும் பெற்றோல் அவ்வளவு எளிதில் கொதிக்காது. இந்த ஒரு விசயத்தில் அது எங்கள் வெயிலுக்கு உண்மையாகவே உகந்தது.

ஓடிக்கொண்டிருந்து இருபது நிமிடத்தில் நிற்கிறதென்றால் வெயிலைக் குறைசொல்ல முன் தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் மூச்சுத் துளையைச் செம்மண் தூசு அடைத்திருந்தால் பெற்றோல் இறங்காது. மூடி தளர்ந்ததும் ஓடினால் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண்ணில் வேலை செய்தால் எயார் பில்ரரை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பாருங்கள். இது எந்த எஞ்சினுக்கும் பொருந்தும்.

நாங்கள் தீவுப்பகுதியில் இருக்கிறோம். உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

காபரேற்றர். உப்பு அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும், அது இரண்டுக்கும் பொது. ஈஎஃப்ஐயில் அதற்குமேல் பத்துக்கும் கிட்டவான மின் இணைப்புகள். ஒவ்வொன்றின் செம்பு முனையும் பச்சை பிடிக்கும், சென்சர் தவறாக வாசிக்கும். ஈஎஃப்ஐ ஏற்கெனவே வாங்கியவர்கள் இணைப்புகளுக்குள் மின் இணைப்புக்குரிய சிலிக்கன் கிறீஸ் பூசி வையுங்கள். கழுவும்போது அமுக்கத் தண்ணீரை இணைப்புகள் மீது அடிக்காதீர்கள். நெடுந்தீவுபோல் படகில் போக வேண்டிய இடத்துக்கு, கருவியோடு மெக்கானிக்கைக் கூட்டிப்போவதே ஒரு நாள் வேலை.

அவசரத்துக்கு மண்ணெண்ணெயில் ஓட்டலாமா?

பொருளாதாரத் தடை இருந்த போர்க்காலத்தில் குடாநாடு முழுக்க மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றர் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. எஞ்சின் இடிக்கும், பிளக் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த பம்ப் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைத்து வைக்கப்பட்டிருக்கும்; புல்லு வெட்டும் மெஷினில் அப்படி இல்லை. பெற்றோல் கிடைக்கும் இந்தக் காலத்தில் செய்யாதீர்கள். ஈஎஃப்ஐயில் ஒருபோதும் வேண்டாம்.

தோளில் மாட்டும் வெட்டியிலும் ஈஎஃப்ஐ வருகிறதா?

கோயில் வீதியிலும் வேலியோரத்திலும் வேலை செய்யும் இரண்டு ஸ்ட்ரோக் வெட்டிகளில் பெரும்பாலும் டயபிரம் காபரேற்றர்தான். சரித்தாலும் கவிழ்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் கிண்ணத்துக்குப் பதில் மெல்லிய தோல். கையில் பிடிக்கும் சில கருவிகளில் இன்ஜெக்‌ஷன் உண்டு. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 500i என்ற மரம் அரியும் வாள் அப்படியானது. அதே நிறுவனத்தின் எம்-ட்ரொனிக் வேறு: அது மின்னணு முறையில் தன்னைத் திருத்தும் காபரேற்றர். கடைக்காரர் அதை எஃப்ஐ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இவற்றுக்கு ஒயில் கலவைதான் உயிர். 50:1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25:1 என்றால் 40. மெஷினின் மூடியிலோ புத்தகத்திலோ சொன்ன விகிதத்தைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் பிஸ்ரன் கடித்து எஞ்சின் முடிந்துவிடும். தோல் விறைத்துப்போய் முழு வேகத்தில் இழுக்காமல் போனால், டயபிரமும் கஸ்கற்றும் சேர்ந்த திருத்தும் பொதியாக வாங்கிப் போடலாம்.

பாடசாலை மைதானத்துக்கு?

இங்கே ஈஎஃப்ஐக்கு நியாயம் இருக்கிறது. பங்குனியில் வடக்கின் பெருஞ்சமர் போன்ற துடுப்பாட்டப் போட்டிக்கு மைதானத்தை ஆயத்தப்படுத்துபவர்கள் நாள்கணக்கில் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். அடர்ந்த புல்லுக்குள் போகும்போது மின்னணுக் கவர்னர் உள்ள ஈஎஃப்ஐ வேகம் விழாமல் பிடிக்கும், வெட்டு மட்டமாக வரும். வருசம் முழுவதும் தண்ணீர் விட்டு வளர்க்கும் மைதானம், ஓட்டுவதற்கு ஒரே ஆள், பற்றறியும் பில்ரரும் பார்க்க ஒருவர் பொறுப்பு என்றால் வாங்குங்கள். ஒவ்வொரு தவணையும் ஆள் மாறும் இடத்தில் காபரேற்றரே நின்றுபிடிக்கும்.

பாவித்த ஈஎஃப்ஐ மெஷின் ஒன்று வருகிறது. எதைப் பார்ப்பது?

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடிக்க வேண்டும். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் பல்ப்பைக் கழற்றியிருக்கலாம். தாங்கிக்குள் டோர்ச் அடித்து அடியில் துருவும் தண்ணீரும் பாருங்கள். வயர்களில் ரேப் சுற்றிய ஒட்டுகள் இருக்கக் கூடாது. எஞ்சினின் மொடல், ஸ்பெக் இலக்கங்களைப் படம் எடுத்து, பெற்றோல் பம்பும் பில்ரரும் கிடைக்குமா, என்ன விலை என்று காசு கொடுக்க முன் கேளுங்கள். பம்புக்கு யாராலும் விலை சொல்ல முடியாவிட்டால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.